போயிட்டு வர்றேன்

புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையில், அலையைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லின்மேல் உட்கார்ந்து எதிர்வீட்டுத் தம்பி ஜப்பானிய மொழி படிக்கிறான். காதில் இயர்போன், கையில் செல்போன். திரையில் ஒரு சொல் வரும். அவன் உரக்கச் சொல்வான். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. சில மாதங்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம் என்னைப் பார்த்ததும் இயர்போனைக் கழற்றினான்.

“அண்ணே, ‘இத்தே கிமாஸ்’னு ஒண்ணு வருது. வீட்ட விட்டுக் கெளம்பும்போது சொல்றதாம். இங்கிலீஷ்ல அர்த்தம் போட்டிருக்காங்க, மனசுல நிக்கவே மாட்டேங்குது.”

“நீ கடலுக்குக் கெளம்புறப்ப அம்மாகிட்ட என்ன சொல்லுவ?”

“போயிட்டு வர்றேம்மான்னு சொல்லுவேன்.”

“அதான் இது. இத்தேன்னா போயிட்டு. கிமாஸ்னா வர்றேன். வீட்ல இருக்கவங்க பதிலுக்கு ‘இத்தே இராஷாய்’ம்பாங்க. போயிட்டு வா.”

அவன் அந்தச் சொல்லை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். “அப்ப இது நம்ம வீட்டுப் பேச்சுதாண்ணே” என்றான். அவன் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் முன்பே அறிவேன். 2007இல், டோக்கியோவில் ஒரு சமூகக் கூடத்தின் இரண்டாம் மாடியில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து இதே சொல்லைக் கற்றபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் வளர்ந்த காலத்தில் எங்கள் குப்பத்துக்கு வெளிநாடு என்றால் பிரான்ஸ். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை விட்டுப் போனார்கள். சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. ஆனாலும் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தாக்கள், மாதம் பிறந்தால் அவர்களுக்கு வரும் பென்ஷன் என்று பிரான்ஸ் எங்கள் ஊர்ப் பேச்சில் குறைவில்லாமல் இருந்தது. மொழி வகுப்பு என்றாலும் பிரெஞ்சு வகுப்புதான். 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியும், 1889இல் வந்த அலியான்ஸ் பிரான்சேஸும் எங்கள் குப்பத்திலிருந்து நடந்து போகும் தூரம். அம்மாவோடு மீன்கூடை தூக்கிக்கொண்டு அந்தத் தெருக்களில் போயிருக்கிறேன். அந்த வாசல்களுக்குள் போனதில்லை. யாரும் தடுத்ததில்லை, போகலாம் என்று எங்களுக்குத் தோன்றியதுமில்லை. வேற்று மொழி என்பது படித்தவர் வீட்டுச் சொத்து என்று நினைத்திருந்தோம்.

எனக்குத் தெரிந்த முதல் ஜப்பானியச் சொல்லை நான் படிப்பதற்கு முன்பே கடல் கற்றுக்கொடுத்துவிட்டது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. ஊர்ப் பெரியவர்கள் “கடல் உள்வாங்குச்சு, அப்புறம் ஏறிடுச்சு” என்றார்கள். தொலைக்காட்சி ‘சுனாமி’ என்றது. நாகப்பட்டினமும் காரைக்காலும் பட்ட பாட்டோடு பார்த்தால் எங்கள் நகரம் தப்பியது. கரையோரக் கருங்கல் தடுப்பு அலையின் வேகத்தை உடைத்தது. ஆனாலும் படகும் வலையும் போன வீடுகளில் பல நாள் அடுப்பு எரியவில்லை. அன்று காலை கடலுக்குள் இருந்த என் சித்தப்பா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: “உள்ள எங்களுக்கு ஒண்ணுமே தெரியலடா. கரைக்கு வந்துதான் பார்த்தோம், கரையைக் காணோம்.”

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, மென்பொருள் வேலையாக நான் ஜப்பான் போனேன்.

தங்கியது டோக்கியோவின் கிழக்கே, எதொகாவா வட்டத்தில் நிஷி-கசாய். 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்யப் போன இந்தியர்கள் அங்கே நிறையப் பேர் குடியேறி, நான் போகும்போதே பருப்பும் புளியும் கிடைக்கும் இடமாக இருந்தது. தோசாய் ரயிலில் ஏறினால் அலுவலகம். அலுவலகத்தில் ஆங்கிலம், பக்கத்து மேசையில் தெலுங்கு, வீட்டில் தமிழ். பொங்கலுக்கு டோக்கியோ தமிழ்ச் சங்கத்தில் சர்க்கரைப் பொங்கல். ஜப்பானிய மொழி தெரியாமலே ஒரு வருஷம் ஓடிவிட்டது. காசு சேர்ந்தது. எதிர் ஃபிளாட்டில் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் தெரியாது.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலும் வயிற்று வலியும் வந்து பக்கத்திலிருந்த சின்ன மருத்துவமனைக்குப் போனேன். கையை வயிற்றில் வைத்துக் காட்டினேன். மருத்துவர் பொறுமையாகக் கேட்டார்: “ஸுக்கி ஸுக்கியா? சிக்கு சிக்குவா? ஹிரி ஹிரியா?” எனக்கு ஒன்றும் புரியவில்லை. வலி எப்படி என்று கேட்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. விண்விண்ணென்று தெறிக்கிறதா, சுருக்சுருக்கென்று குத்துகிறதா, திகுதிகுவென்று எரிகிறதா? தமிழில் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். உடம்பில் வலி இருந்தது, அதைச் சொல்ல வாய் இல்லை. மருந்து கொடுத்து அனுப்பும்போது அங்கிருந்த செவிலியர் ஒரு துண்டுத் தாளில் வரைபடம் போட்டுக் கொடுத்தார். வியாழக்கிழமை இரவு ஏழு மணி, சமூகக் கூடம், வெளிநாட்டினருக்கான ஜப்பானிய வகுப்பு.

ஜப்பானில் இப்படிப்பட்ட வகுப்புகள் ஊருக்கு ஊர் உண்டு. பாடம் எடுப்பவர்கள் ஓய்வு பெற்ற ஊழியர்கள், வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள், சில சமயம் கல்லூரி மாணவர்கள். சம்பளம் கிடையாது. எங்கள் வகுப்பில் ஒரு நாளைக்கு 100 யென் வாங்கினார்கள், தேநீருக்கும் நகல் எடுக்கும் தாளுக்கும். மேசைகளை இழுத்துப் போட்டு நான்கு பேராக உட்காருவோம். முடிந்ததும் எல்லாருமாக மேசையைத் துடைத்து, நாற்காலியை மடக்கி, எடுத்த இடத்தில் வைப்போம். என் மேசையில் ஒரு நேபாளச் சமையல்காரர், ஜப்பானியரை மணந்த ஒரு பிலிப்பைன்ஸ் பெண், உணவுத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் ஒரு சீனப் பெண். நாங்கள் நான்கு பேரும் பேசிக்கொள்ள எங்களிடம் இருந்த ஒரே பொது மொழி, அப்போது கற்றுக்கொண்டிருந்த அரைகுறை ஜப்பானியம்தான்.

முதல் நாள் சுவரில் எழுத்து அட்டவணை தொங்கியது. உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. அதன்பின் வரிசை க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் பார்த்த க, ங, ச, ஞவின் வாசனை அதில் அடித்தது. சமஸ்கிருத எழுத்தைப் படித்த பௌத்தத் துறவிகள் வழியாக அந்த அடுக்குமுறை ஜப்பானுக்குப் போனது என்று சென்செய் சொன்னார். ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைக்க வேண்டும். குறில் நெடில் தெரிந்த காதுக்கு அந்த மொழி பாதி வேலையை மிச்சப்படுத்துகிறது. ஒபசன் என்றால் அத்தை. ஒபாசன் என்றால் பாட்டி. ஒரு நெடிலில் முப்பது வயது கூடிவிடும்.

வாக்கியம் கட்டும்போதுதான் உண்மையில் நெஞ்சு நிறைந்தது. வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘தபெத்தே மிமாஸ்’ என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன். உண்மையாகவே ‘பார்’ என்கிற வினைதான் அங்கேயும் நிற்கிறது. ‘கத்தே ஒக்கு’ என்றால் வாங்கி வைக்கிறேன். கொரே, சொரே, அரே, தொரே என்றால் இது, உது, அது, எது. நாம் தொலைத்துவிட்டு யாழ்ப்பாணத்தார் மட்டும் பேச்சில் காப்பாற்றி வைத்திருக்கிற ‘உது’ அங்கே நாள்தோறும் வாயில் புழங்குகிறது. இந்த ஒற்றுமைகளைப் பார்த்துத்தான் பேராசிரியர் சுசுமு ஓனோ, ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பல்லாண்டு எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. 2008இல் அவர் காலமானார். உறவு உண்டா இல்லையா என்பது அறிஞர்கள் முடிவு செய்யவேண்டிய விஷயம். வியாழக்கிழமை இரவு மேசையில் உட்கார்ந்திருந்தவனுக்கு, அந்நிய ஊரில் ஒருவர் “சாப்பிட்டுப் பார்” என்று தன் வீட்டு வார்த்தை அமைப்பிலேயே சொல்வது போதுமான உறவாக இருந்தது.

எழுத்துதான் மலை. அரசு வகுத்த அன்றாடக் கான்ஜி எழுத்துகள் நான் தொடங்கும்போது 1,945. 2010இல் அதை 2,136 ஆக்கினார்கள். ஆங்கில எழுத்துபோல ஒலிக்கு மட்டும் நிற்பவை அல்ல அவை. ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு, இரண்டு மூன்று வாசிப்பு உண்டு. ஒருநாள் சென்செய் பலகையில் இரண்டு எழுத்து எழுதி, “இதை உங்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும்” என்றார். முதல் எழுத்து ‘சு’, துறைமுகம். இரண்டாவது ‘நாமி’, அலை. அலை என்கிற எழுத்தில் இடப்பக்கம் நீர், வலப்பக்கம் தோல். நினைவில் நிற்க ‘நீரின் தோல்’ என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். எதற்காகத் துறைமுக அலை என்று பெயர் என்றும் விளக்கினார். ஆழ்கடலில் அந்த அலை உயரமாக எழாது. மீன் பிடிக்கப் போனவர்களுக்கு ஒன்றும் தெரியாது. துறைக்குத் திரும்பும்போதுதான் துறையே இல்லாமல் இருக்கும்.

சித்தப்பா சொன்ன அதே வார்த்தை. வேறு கடலில், வேறு நூற்றாண்டில் யாரோ மீனவர்கள் கண்டது ஒரு சொல்லாகி, எழுத்தாகி, என் முன்னால் பலகையில் இருந்தது. நான் எழுந்து, தெரிந்த இருபது முப்பது வார்த்தையில் எங்கள் கரையைப் பற்றிச் சொன்னேன். வகுப்பு முழுக்க அமைதியாகக் கேட்டது. சென்செய் பிறகு வேறொரு சொல்லை எழுதினார்: கதமரான். ஜப்பானிய அகராதியில் இருக்கிற சொல்தான். இரண்டு உடல் கொண்ட படகைக் குறிக்க ஆங்கிலம் வழியாகப் போனது. “இது எந்த மொழி தெரியுமா?” என்றார். கட்டு, மரம் என்று பிரித்துக் காட்டினேன். எங்கள் தாத்தா ஏறிப் போன கட்டுமரம் அந்த மாடி வரைக்கும் வந்திருந்தது.

அந்த மேசையில் எங்களுக்குத் துணையாக உட்காரும் ஒபாசன் ஒருவர் உண்டு. அப்போது எழுபத்தைந்து வயது இருக்கும். 1998இல் டோக்கியோ தியேட்டரில் மாதக்கணக்கில் ஓடிய ‘முத்து’ படத்தை மூன்று முறை பார்த்தவர். என் அப்பா மீனவர் என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. கசாயும் மீனவர் ஊர்தான் என்றார். நான் நம்பவில்லை. சுற்றிலும் பதினான்கு மாடிக் குடியிருப்புகள், ரயில், கடைத்தெரு. அவர் சொன்னார்: அந்த ரயில் பாதையே 1969இல்தான் வந்தது. நிஷி-கசாய் நிலையம் திறந்தது 1979இல். அதற்கு முன்பு அந்தக் கரையில் நொரி என்னும் கடற்பாசி வளர்ப்பும் சிப்பி எடுப்பும் மீன்பிடியும்தான் பிழைப்பு.

மேசைமேல் கையாலேயே செய்து காட்டினார். மார்கழிக் குளிரில் கடலில் இறங்கி நொரியைப் பறிக்க வேண்டும். கத்தியால் பொடிப்பொடியாக நறுக்கி நல்ல தண்ணீரில் கலக்க வேண்டும். நாணல் பாயின்மேல் சின்ன மரச்சட்டத்தை வைத்து ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். கை நடுங்கினால் ஓரிடம் கெட்டியாகவும் ஓரிடம் ஓட்டையாகவும் ஆகிவிடும். சட்டத்தை எடுத்துவிட்டுப் பாயோடு வெயிலில் வைக்க வேண்டும். மழை வந்தால் அன்றைய உழைப்பு போச்சு. அந்த விரல்கள் காற்றில் ஊற்றி, தூக்கி, காயவைத்ததைப் பார்த்தபோது, மணலில் பழைய வலையை விரித்து நெத்திலியைப் பரப்பும் என் அம்மாவின் கை எனக்குத் தெரிந்தது. அம்மாவும் இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் விரல் நுனியால் தள்ளிவிடுவாள். வானம் கறுத்தால் இப்படித்தான் ஓடுவாள்.

1958இல் ஒரு காகித ஆலையின் கறுப்புக் கழிவுநீர் ஆற்றில் வந்து அந்தப் பக்கத்துக் கடலைக் கெடுத்தது. எதிர்க்கரையான உராயாசு மீனவர்கள் ஆலைக்குள் புகுந்து போராடினார்கள். அந்த ஆண்டே நீர்நிலைகளைக் காக்கச் சட்டம் வந்தது. ஆனால் கடல் மீளவில்லை. 1962 டிசம்பரில் டோக்கியோ மீனவர்கள் இழப்பீடு வாங்கிக்கொண்டு மீன்பிடி உரிமையைக் கைவிட்டார்கள். கடலைத் தூர்த்து நிலமாக்கினார்கள். “நீ ரயில் நிலையத்துக்கு நடந்து போகிறாயே, அந்த வழியில் பாதி நான் படகில் போன இடம்” என்றார் ஒபாசன். எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவாக ஆன அதே 1962.

எங்கள் ஊரில் நடந்தது தலைகீழ். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே போகிற மணல் அங்கேயே தேங்கியது. அதற்கு வடக்கேயிருந்த கரைகளுக்கு மணல் வரவில்லை. அப்பா கட்டுமரம் ஏற்றி வைத்த மணல், அம்மா கருவாடு காயவைத்த மணல் எல்லாம் கடலுக்குள் போய், கருங்கல் வந்தது. அவர்களுக்குக் கடல் நிலமானது, எங்களுக்கு நிலம் கடலானது. இரண்டு கரையிலும் மீன் காயவைக்க இடமில்லாமல் போனது. இதை அவருக்கு முழுசாகச் சொல்லி முடிக்க எனக்கு மூன்று வியாழக்கிழமை பிடித்தது. அந்த மூன்று வாரத்தில் கற்ற ஜப்பானியத்தை எந்தப் புத்தகமும் எனக்குத் தந்ததில்லை. சொல்லியே ஆகவேண்டிய விஷயம் இருந்தது, கேட்டே ஆகவேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

வகுப்புக்கு வெளியேயும் பழக்கம் வளர்ந்தது. வசந்தத்தில் பூ பார்க்கப் போவோம், ஆகஸ்டில் எதொகாவா ஆற்றங்கரையில் வாணவேடிக்கை, ஆண்டுக் கடைசியில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து விருந்து. ஒருமுறை ஒபாசன் நிபோஷி பொட்டலம் கொண்டுவந்தார். சூப்புக்குப் போடும் சின்ன மீன், வேகவைத்து உலர்த்தியது. நான் ஊரிலிருந்து வந்த நெத்திலிக் கருவாட்டைக் கொண்டுபோயிருந்தேன். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தோம். அவர் நம்முடையதை எடுத்து மூக்கருகே வைத்து, நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்த வாசனைக்காக ஃபிளாட்டின் சன்னலை ஒரு வருஷம் சாத்தியே வைத்திருந்தவன் நான். அன்றோடு திறந்துவிட்டேன்.

2009 ஜூலையில் வகுப்பிலிருந்து எங்களைச் சிகசாகி கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். ஹமாஒரி விழா, கடல் நாளான ஜூலை மூன்றாம் திங்கட்கிழமை நடப்பது. விடியற்காலையில் சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து சுமார் நாற்பது மிகோஷிகள், அதாவது சாமி பல்லக்குகள், கரையில் கூடுகின்றன. “தொக்கோய், தொக்கோய்” என்று தோள் கொடுத்துத் தூக்கிவந்து கடலுக்குள் இறங்குகிறார்கள். ஆற்றில் விழுந்து காணாமல் போன சாமி ஒரு மீனவருக்குக் கிடைத்ததுதான் விழாவுக்குச் சொல்லப்படும் கதை. இடுப்பளவு தண்ணீரில் பல்லக்கு ஆடியபோது என்னால் நிற்க முடியவில்லை. அது வைத்திக்குப்பம் மாசி மகம். மயிலம் முருகன் வருவார், தீவனூர் பொய்யாமொழி விநாயகர் வருவார், மணக்குள விநாயகர் வருவார். கரை முழுக்கச் சாமிகள் வரிசையாக நிற்க, தீர்த்தவாரி நடக்கும். செத்துப்போன தாத்தாவுக்கு அப்பா அந்தக் கடலில் நின்றுதான் தண்ணீர் இறைப்பார். சிகசாகிக் கரையில் நின்று இதையெல்லாம் சென்செய்க்கும் ஒபாசனுக்கும் ஜப்பானிய மொழியில் சொன்னேன். அகராதியைத் திறக்கவில்லை. அன்றுதான் எனக்கு மொழி வந்தது என்று நினைக்கிறேன்.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. ஒன்பது என்னும் அளவில் நிலம் ஆடியது. வடகிழக்குக் கரையில் 18,000-க்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். டோக்கியோவில் ரயில்கள் நின்றன. அலுவலகத்திலிருந்து மூன்று மணி நேரம் நடந்து வீடு சேர்ந்தேன். கதவில் ஒரு தாள் செருகியிருந்தது. கான்ஜி ஒன்றுகூட இல்லாமல், நான் சட்டென்று படிக்கும்படி எளிய எழுத்தில் மூன்றே வரி: நலமா? தண்ணீர் இருக்கிறது. வீட்டுக்கு வா. எழுபத்தொன்பது வயதுக்காரர், லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் ஆறு மாடி ஏறி வந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். இரவு அம்மாவின் போன் கிடைத்தது. “சுனாமியாமே” என்று அழுதாள். “பக்கத்துல யாராவது இருக்காங்களாப்பா?” என்றாள். “இருக்காங்கம்மா” என்று சொல்ல முடிந்தது. ஒரு வருஷம் ஊமையாக இருந்தபோதே அந்த நாள் வந்திருந்தால் அந்தப் பதிலை என்னால் சொல்லியிருக்க முடியாது.

2012இல் ஊர் திரும்பினேன்.

இன்று நிலைமை வேறு. ஜப்பானில் முதியவர்கள் பெருகி, வேலைக்கு ஆள் இல்லை. 2019 ஏப்ரலில் ‘குறிப்பிட்ட திறன்’ என்றொரு விசாவைத் தொடங்கினார்கள். முதியோர் பராமரிப்பு, உணவகம், கட்டுமானம் என்று தொடங்கி மீன்பிடித் தொழில் வரைக்கும் அதில் உண்டு. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டது. தொழில் தேர்வோடு மொழித் தேர்வும் எழுத வேண்டும், ‘N4’ என்னும் நிலையாவது தேற வேண்டும். முதல் பிரிவில் போகிறவர்கள் பொதுவாக மொத்தம் ஐந்தாண்டு இருக்கலாம், குடும்பத்தை அழைத்துப் போக முடியாது. நாங்கள் போய் இறங்கிய பிறகு மொழி படித்தோம். எதிர்வீட்டுத் தம்பி மொழி படித்தால்தான் போகவே முடியும். எங்களுக்கு மின்னகராதி வாங்க ஒரு வாரச் செலவுப் பணம் வேண்டியிருந்தது. அவனுடைய போனைப் பலகையின்முன் நீட்டினால் எழுத்து தமிழாகிவிடுகிறது.

இந்த வசதி நல்லது. ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு எந்த வாசலும் தாண்டாமல் ஒரு மொழி கிடைக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் போன் அவனிடம் ஒன்றும் கேட்பதில்லை. உன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்பதில்லை. கருவாட்டை மோந்து பார்ப்பதில்லை. நிலம் ஆடிய அன்று ஆறு மாடி ஏறுவதில்லை. அவனிடம் நான் சொல்வது இதுதான்: தேர்வுக்குப் போனில் படி. போய்ச் சேர்ந்த முதல் வாரமே, அந்த ஊர்ச் சமூகக் கூடத்தில் 100 யென் வகுப்பு எங்கே நடக்கிறது என்று விசாரித்துப் போய் உட்கார். விடுதி நண்பர்களோடு மட்டும் ஐந்தாண்டை முடித்துவிட்டு வராதே.

அவனிடம் இதைச் சொன்ன அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் ஊரில் அப்படியொரு நாற்காலியை யாருக்காவது போட்டிருக்கிறோமா?

புதுச்சேரி ஓட்டல்களில் தட்டு எடுக்கிற பையன்கள், கடற்கரையோரம் எழும்புகிற கட்டடங்களில் கம்பி கட்டுகிறவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். நான் நிஷி-கசாயில் இருந்ததுபோலத்தான் இருக்கிறார்கள். வேலை, அறை, அவர்கள் மொழிக் கடை. வயிறு வலித்தால் கையை வைத்துக் காட்டுகிறார்கள். அவர்கள் தமிழ் பேசவில்லை என்று நாம் குறை சொல்கிறோம். யாரிடம் பேசிப் பழகுவார்கள்? டீக்கடையில் கேட்கிற ஏச்சுதான் அவர்களுக்குத் தமிழ்ப் பாடமா?

மூன்று மாதமாக, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வகுப்பு நடக்கிறது. முதல் வாரம் இரண்டு பேர் வந்தார்கள், இப்போது ஒன்பது பேர். எதிர்வீட்டுத் தம்பி உதவிக்கு வருகிறான். எழுத்து பிறகு. முதல் பாடம் வலி: குத்துது, எரியுது, விண்விண்ணுங்குது. இரண்டாவது பாடம் கிளம்பும்போது சொல்வது. நம் வீடுகளில் ‘போறேன்’ என்று சொல்லக்கூடாது, போகிறவன் திரும்ப வேண்டும் என்பதால் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்ல வேண்டும் என்றதும், கட்டட வேலை செய்கிற ஒடிசாப் பையன், தன் ஊரில் அம்மாவிடம் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னான்.

இதைப் படிக்கிற நீங்கள் எந்த ஊரிலும் இருக்கலாம். உங்கள் தெருவிலும் அப்படி நான்கு பேர் இருப்பார்கள். நீங்கள் வாத்தியார் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை, இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பாய், வாரத்தில் இரண்டு மணி நேரம், ஆளுக்கொரு டம்ளர் டீ, கேட்டுக்கொள்ளும் பொறுமை. தொடங்குங்கள்.